எல்லோருக்கும் மொன்றியல், எங்களுக்குப் புளோரன்ஸ்

என் மனைவி வதனி ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் யூனியன்வில்லில் ஒரு மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கிறாள். அங்கே வருகிற தமிழ்ச் சனம் முழுக்க அவளை "அன்ரி" என்றுதான் கூப்பிடும், எழுபது வயது ஆள் உட்பட. கடையோடு விட்டால் பரவாயில்லை. கலியாண வீட்டில் அவள் வாயில் வடை இருக்கும் நேரம் பார்த்து யாராவது வந்து நிற்பார்கள். "அன்ரி, உந்த வெள்ளைக் குளிசை சாப்பாட்டுக்கு முன்னமோ, பின்னமோ?" அவள் வடையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு "பின்னம்" என்பாள்.

ஒரு ஞாயிறு காலை அவள் குசினி மேசையில் ஒரு படத்தை வைத்தாள். ஏதோ பழைய சஞ்சிகையில் கிழித்தது. ஒரு கல் முற்றம், ஒரு சின்ன வட்ட மேசை, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு ஆணும் பெண்ணும். மேசையில் இரண்டு கிளாஸைத் தவிர வேறொன்றும் இல்லை.

"நாங்கள் கலியாணம் முடிச்சு முப்பது வருஷமாகுது. இவ்வளவு காலத்தில எங்கை எங்கை போனனாங்கள்? சொல்லுங்கோ பாப்பம்."

சொன்னேன். லண்டன், அவளுடைய தம்பியின் கலியாணம். பாரிஸ், பெரியபிள்ளையான ஒரு பெட்டையின் சாமத்தியவீடு. சுவிஸ், செத்தவீடு. மறுபடியும் லண்டன், அதே தம்பியின் வீடு குடிபூரல்.

"எங்கை படுத்தனாங்கள்?"

"நான் சோபாவில."

"நான் நிலத்தில, அவையின்ர பிள்ளையளோட. காலமை எழும்பி ஆருக்குத் தேத்தண்ணி போட்டனான்? முழு வீட்டுக்கும்." அவள் படத்தை விரலால் தட்டினாள். "எனக்கு இப்பிடி நாலு நாள் வேணும். ஹோட்டலில படுக்கவேணும். பெட்டிக்குள்ள மிளகாய்த்தூள் வரக்கூடாது. ஆருக்கும் சொல்லக்கூடாது. நாலே நாலு நாள், ஒருத்தரும் என்னை அன்ரி எண்டு கூப்பிடாமல்."

முதல் இரண்டும் லேசு. மூன்றாவதுதான் எனக்கு இடிவிழுந்த மாதிரி. நான் ஸ்காபரோவில் கார் ஓட்டப் பழக்குகிறவன். கதைப்பதுதான் என் தொழிலில் பாதி. "அங்கிள், உங்கட கதை முடியிறதுக்குள்ள ரோட்டு முடிஞ்சிடும்" என்று என்னிடம் பழகிய பெண் ஒருத்தி சொன்னது இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிற வாசகம். அப்படிப்பட்ட வாய்க்குப் பூட்டு.

நகரம் தெரிவு செய்வதில் தொடங்கியது கஷ்டம். எங்கள் சனம் இல்லாத இடமாகவும் இருக்கவேண்டும், வடிவாகவும் இருக்கவேண்டும். லண்டன், பாரிஸ், ஒஸ்லோ எல்லாம் எடுத்த எடுப்பில் அடிபட்டுப் போயின. இத்தாலி என்று வந்தோம். சிசிலியில் நம்மவர்கள் தேரே இழுக்கிறார்களாம். மிலானில் எனக்கு ஒன்றுவிட்ட மருமகன் ஒருவன். வெனிஸ் என்றால் தண்ணீர். எனக்கு நீந்தத் தெரியாது. மிஞ்சியது புளோரன்ஸ். பழைய நகரம், படத்தில் இருக்கிற மாதிரியே கல் முற்றம். அங்கே நமக்கு யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்கவும் முடியாது. விசாரித்தால் அதுவே அறிவித்தல். "இருந்தாலும் தெரியாமல் இருப்பம்" என்று வதனி முடிவு கட்டினாள்.

பிறகு ஸ்டைல். எனக்கென்று ஒரு லினன் கோட் வாங்கப் போனோம். போட்டுப் பார்த்தேன், இரண்டு நிமிடத்தில் கசங்கிவிட்டது. "கசங்குவதுதான் சார் இதன் அழகு" என்றான் கடைக்காரப் பையன் ஆங்கிலத்தில். முப்பது வருடமாக என் சட்டைகளைக் கசங்கல் போக அழுத்திய வதனி அவனை ஒரு பார்வை பார்த்தாள். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தேர்தலில தோத்த ஆள் மாதிரி இருக்குது. பரவாயில்லை, எடுங்கோ."

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும். றிச்மண்ட் ஹில் கோயிலில் வதனியோடு சாப்பாட்டு வரிசையில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் நின்றவர் என்னிடம் மகளைக் காரோட்டப் பழக அனுப்புகிறவர்.

"என்ன அண்ணை, அடுத்த கிழமை கிளாஸ் இல்லையாம்? எங்கையோ பயணம் போல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். காய்ச்சல் என்றிருக்கலாம். வரிசையில் முன்னும் பின்னுமாக இருபது காதுகள் என் பக்கம் திரும்பியதும் என் வாய் தன்பாட்டில் திறந்துவிட்டது.

"சும்மா... மொன்றியல் பக்கம். நாலு நாள்."

காருக்குள் ஏறியதும் வதனி கேட்டாள்: "ஏன் மொன்றியல்?"

"கிட்ட இருக்கிற ஊர். ஆருக்கும் சந்தேகம் வராது."

"கமலி எங்கை இருக்கிறாள்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கமலி வதனியின் சித்தியின் மகள். முப்பது வருடமாக மொன்றியலில் இருக்கிறாள். எங்கள் ஆட்களிடம் மன்னிக்கவே முடியாத குற்றம் ஒன்று உண்டென்றால், சொந்தக்காரர் இருக்கிற ஊருக்குப் போய், அவர்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிடாமல் திரும்புவதுதான். உலகத்தில் நம்மவர் இல்லாத ஊர் ஒன்றை மூன்று மாதம் தேடிக் கண்டுபிடித்தவன், பொய் சொல்வதற்கு மட்டும் நம்மவர் இருக்கிற ஊரைத் தெரிவு செய்திருக்கிறேன்.

"கோயிலில சொன்னது மொன்றியல் வரைக்கும் போகாது" என்றேன். வதனி முழங்காலில் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

முதல் நாள். புளோரன்ஸில் எங்களை ஏற்றிய டாக்சிக்காரர் என்னைப் போன்ற கதைகாரர். அதுதான் பிரச்சினை. கதைக்கிறபோது இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிடுவார். முக்கியமான இடம் வந்தால் முகத்தையும் பின்னுக்குத் திருப்புவார். நான் முன் சீட்டில். கார் பழக்குகிறவர்களின் வண்டியில் பக்கத்துச் சீட்டுக்கும் ஒரு பிரேக் இருக்கும். இருபது வருடமாக என் வலது காலுக்கு அது பழக்கம். இரண்டு கல்வீட்டுச் சுவருக்கிடையில் அவர் வண்டியை நூல் கோர்க்கிற மாதிரிக் கோர்த்துப் போக, நான் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து, இறங்கும்போது கெண்டைக்காலில் நரம்பு இழுத்துவிட்டது. ஸ்டைலான பயணத்தின் முதல் அடியை நொண்டிக்கொண்டு எடுத்து வைத்தேன்.

ஹோட்டல் லிஃப்ட் ஒரு ஆளுக்கும் ஒரு பெட்டிக்கும் இடையில் ஏதோ ஒன்றுக்குத்தான் இடம் தரும். பெட்டியை முதலில் ஏற்றி, வெளியிலிருந்து கையை நீட்டிப் பொத்தானை அமத்தினேன். எங்கள் அறை மூன்றாம் மாடி. பெட்டி ஐந்தாம் மாடிக்குப் போய்விட்டது. நான் நொண்டி நொண்டி ஏறிப் போய்ப் பார்த்தால் கதவு திறந்திருக்கிறது, பெட்டி ஒரு மேல்நாட்டுக் கிழவனைப் போல அமைதியாக நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஓட்டுக்கூரைகள். சிவப்பும் மஞ்சளும் கலந்து, வெயிலில் சுட்ட அப்பத்தின் கரை மாதிரி. வதனியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இஞ்சை ஒருத்தருக்கும் தேத்தண்ணி போடத் தேவையில்லை, என்ன?" என்றாள்.

மத்தியானம் சாப்பிடப் போனோம். படத்தில் இருந்த மாதிரியே வட்ட மேசை, கல் முற்றம். பரிமாறுகிறவர் வெள்ளைத் தலை, நிமிர்ந்த முதுகு. வந்து நின்று மெல்லக் குனிந்து கேட்டார்: "பிரேகோ?"

என் காதில் அது "பிறகு?" என்று விழுந்தது.

யாழ்ப்பாணத்துக் காதுக்கு இதைவிட இனிமையான சொல் கிடையாது. கதை சொல்கிறவனைப் பார்த்து, நிறுத்தாதே, மேலே சொல் என்கிற சொல். நான் பட்டியலில் விரலை வைத்து, தக்காளியும் பாண் ரொட்டியும் போட்ட சூப் ஒன்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். "பிரேகோ?" சரி, பயறு மாதிரி வெள்ளை அவரைக் கொட்டை ஒரு கோப்பை. "பிரேகோ?" பெரிய மனுசன் கேட்கிறார், எப்படி இல்லையென்பது. பாஸ்தா ஒன்று. கோழி ஈரல் பூசிய பாண். பொரித்த பூசணிப் பூ. அவர் கண்ணை உயர்த்தினார், "பிரேகோ?" என்றார், நானும் விடவில்லை.

ஒவ்வொன்றாக வந்தது. மேசை நிறைந்து பக்கத்துக் கதிரையிலும் கோப்பை வைத்தார்கள். வதனியின் படத்திலிருந்த மேசை எங்கே, இந்த மேசை எங்கே. அடுத்த மேசையில் ஒரு அம்மா தன் கணவரிடம் இத்தாலியனில் ஏதோ சொல்ல, அவர் சிரிப்பை அடக்கினார். நான் விடுவேனா? அவர்களுடன் இருந்த மகளிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் முகம் சிவந்து மொழிபெயர்த்தாள்: "இவர்களுடைய சொந்தக்காரர் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று அம்மா கேட்கிறா."

வதனி சிரித்த சிரிப்பில் கறுப்புக் கண்ணாடி கழன்று சூப்புக்குள் விழப் பார்த்தது. பிரேகோ என்றால் சொல்லுங்கள், இந்தாருங்கள், இருங்கள், பரவாயில்லை எல்லாம்தானாம். அந்த மகள்தான் சொன்னாள். "ஆக மொத்தம், நீங்கள் சொல்லி முடிக்கும் வரைக்கும் பாவம் அந்தாள் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறார்" என்றாள் வதனி. பாணில் உப்பே இல்லை. அந்த ஊர் வழக்கம் அப்படியாம். எங்கள் வீட்டில் உப்பில்லாமல் ஒன்று வந்திருந்தால் நான் வாய் திறந்திருப்பேன். அங்கே, "என்ன ஒரு நுணுக்கமான ருசி" என்று தின்றேன்.

இரண்டாம் நாள் அவள் பத்து மணிக்கு எழும்பினாள். முப்பது வருடத்தில் நான் காணாத காட்சி. நான் விழித்துப் படுத்திருந்து அவள் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே போய், நின்றபடியே குடிக்கிற சின்னக் கோப்பிக் கடையில் நின்றோம். ஒரே மடக்கு. எங்கள் ரொறன்ரோவில் வாளி வாளியாக வாங்கிக் காரில் வைத்து மத்தியானம் வரை உறிஞ்சுகிற சனத்துக்கு இது ஒரு ஏமாற்று வேலை மாதிரித்தான் படும். ஆற்றங்கரையில் சால்வை விற்கிற வங்காளத்துப் பெடியன் ஒருவன் எங்களைக் கண்டதும் "ஆன்ரி! ஆன்ரி!" என்று கத்தினான். வதனி திரும்பவேயில்லை. ஆன்ரி வேறு யாரோ ஒருத்தி என்பது மாதிரி நடந்தாள். நான்தான் அவனுக்குக் கைகாட்டிவிட்டுப் போனேன்.

அன்று மாலைதான் விஷயம் வந்தது. பெரிய மாதா கோயிலுக்கு முன்னால் உள்ள சதுக்கம். வெள்ளை, பச்சை, றோசா நிறப் பளிங்குக் கற்களால் கட்டம் கட்டமாக இழைத்த கோயில். அவ்வளவு பெரியதை அவ்வளவு நுணுக்கமாகச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். பொழுதுபட்டு விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. வதனி பக்கத்துக் கடையில் தோல் கையுறை பார்க்கப் போயிருந்தாள். என் போன் அடித்தது. பழக்க தோஷம், யாரென்று பார்க்காமல் எடுத்தேன். வீடியோ. திரை முழுக்கக் கமலியின் முகம். அவள் தோளில் ஒரு பேரன், இடுப்பில் இன்னொன்று.

"அத்தான்! மொன்றியலுக்கு வந்து நிண்டுகொண்டு எங்களுக்குச் சொல்லேல்லை, என்ன?"

கோயில் வரிசையில் விட்ட சொல் ஐந்நூறு கிலோமீற்றரை மூன்று நாளில் கடந்திருக்கிறது.

"இல்லை கமலி... இப்ப எடுக்கத்தான் இருந்தனான்."

"எங்கை நிக்கிறியள்?"

"டவுன்ரவுனில."

"பின்னால என்ன உது?"

திரும்பிப் பார்த்தேன், ஏதோ எனக்கே தெரியாத மாதிரி. "உதோ? பழைய மாதா கோயில்."

"பச்சையும் றோசாவும்? முப்பது வருஷமா இஞ்சை இருக்கிறன், நான் காணேல்லை."

"இப்பதான் பெயின்ற் அடிச்சிருக்கினம்."

பேரன் அவளுடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினான், அவள் பிடுங்கி மாட்டிக்கொண்டாள். "அது சரி, உங்களுக்கு மட்டும் ஏன் பொழுதுபட்டுக் கிடக்குது? எனக்கு இஞ்சை வெயில் கண்ணைக் குத்துது."

"மழை வரப்போகுது."

"ஜன்னலால பாக்கிறன் அத்தான். ஒரு முகில் இல்லை."

அந்த நேரம் பார்த்துக் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. சதுக்கமே அதிருகிற மணி. கமலி மணி ஓயும் வரைக்கும் பொறுமையாக இருந்துவிட்டு, "எந்த ஹோட்டல் எண்டு சொல்லுங்கோ. நண்டு வேண்டி வைச்சிருக்கிறன். மகன் வந்து உங்களை ஏத்துவான்" என்றாள்.

எனக்குப் பின்னால் வதனி வந்து நின்றது எனக்குத் தெரியாது. கையுறைப் பையோடு நின்றாள். முகத்தில் இரண்டு நாளாக இருந்த ஏதோ ஒன்று வடிந்துபோயிருந்தது. நான் வாயசைத்தேன், நான் சமாளிக்கிறன் என்று. அவள் போனை என் கையிலிருந்து எடுத்தாள்.

"கமலி, நான் இத்தாலியில நிக்கிறன்."

அந்தப் பக்கம் பேரன் மறுபடியும் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினான், கமலி விட்டுவிட்டாள்.

"ஆருக்கும் சொல்லேல்லை. உனக்குச் சொன்னா நீ மாமிக்குச் சொல்லோணும், மாமி லண்டனுக்குச் சொல்லுவா. எனக்கு நாலு நாள் ஒருத்தரும் இல்லாமல் இருக்கோணும்போல இருந்தது. கோவிக்கிறதெண்டா கோவி."

கமலி கோபிப்பாள் என்றுதான் நான் நினைத்தேன். பிறகு ரொறன்ரோ முழுக்கக் கதை வரும், வதனியின் எஞ்சிய இரண்டு நாளும் போனில் விளக்கம் சொல்லியே போய்விடும். எல்லாம் என் வாயால்.

கமலி கேட்டாள்: "அங்கை ஆர் சமைக்கிறது?"

"ஒருத்தருமில்லை. கடையில."

"காலமை எத்தினை மணிக்கு எழும்பினனீங்கள்?"

"பத்து."

"பத்தோ?" அவள் குரல் இறங்கியது. கணவர் காலமாகி ஆறு வருடம். மகனும் மருமகளும் விடிய வேலைக்குப் போக, ஐந்து மணியிலிருந்து இரண்டு பேரன்களும் அவள் கையில். "அக்கா, உங்களை அங்கை என்னெண்டு கூப்பிடுகினம்?"

"சிஞ்ஞோரா. அம்மணி எண்டமாதிரி."

"சிஞ்ஞோரா" என்று கமலி ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு படபடவென்று சொன்னாள்: "சரி, கேளுங்கோ. நண்டு சமைக்கப்போறன். நீங்கள் நாளைக்கு மத்தியானம் வந்து சாப்பிட்டனீங்கள். அத்தான் மூண்டுதரம் போட்டுச் சாப்பிட்டவர். ஆர் கேட்டாலும் நானும் உப்பிடித்தான் சொல்லுவன், நீங்களும் சொல்லுங்கோ. போனை நிப்பாட்டி வையுங்கோ. அந்தக் கோயிலை ஒருக்கால் காட்டுங்கோ, நல்லாக் காட்டுங்கோ."

வதனி போனைத் தூக்கிப் பிடித்து, கோயிலை அடியிலிருந்து நுனி வரை மெதுவாகக் காட்டினாள். கமலி திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள்.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் போன்கள் அறையில் கிடந்தன. என்ன செய்தோம் என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வட்ட மேசையில் போய் இருந்தோம். வெள்ளைத் தலைக்காரர் "பிரேகோ?" என்று வர, நான் வாயைத் திறக்குமுன் வதனி இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு கிளாஸ் வந்தது. அவள் காலுக்கு மேல் கால் போட்டு இருந்தாள். அவளைப் படம் எடுக்கவா என்று கேட்டேன். "வேண்டாம், ஆரும் பாத்திடுவினம்" என்றாள்.

ரொறன்ரோவுக்கு வந்து அடுத்த வெள்ளி கோயிலுக்குப் போனோம். மொன்றியல் நண்டின் புகழ் எங்களுக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தது. "மூண்டுதரம் போட்டுச் சாப்பிட்டனீங்களாமே!" என்றார் ஒருவர். "கோதும் மிஞ்சேல்லையாம்" என்றார் இன்னொருவர். கமலி பொய்யைக்கூட வஞ்சகமில்லாமல் பரிமாறியிருக்கிறாள். நான் வயிற்றைத் தடவிக் காட்டினேன்.

ஒரு மாதம் போயிருக்கும். மார்க்கம் ரோட்டில் ஒரு மாணவிக்குச் சமாந்தரமாகக் காரை நிறுத்தப் பழக்கிக்கொண்டிருக்கிறேன், கமலி எடுத்தாள்.

"அத்தான், வாற வியாழன் தொடங்கி ஞாயிறு மட்டும் நான் உங்கட வீட்டில நிக்கிறன்."

"வாருமன் கமலி! ரயிலிலயோ, பஸ்ஸிலயோ? நான் வந்து ஏத்திறன்."

"ஏத்த வேண்டாம்."

"அப்ப என்னெண்டு வருவீர்?"

"நான் வரமாட்டன் அத்தான். உங்கட வீட்டில நிக்கிறன். விளங்குதோ?"

எனக்கு விளங்க மூன்று சிவப்பு விளக்கு எடுத்தது. வீட்டுக்கு வந்து வதனியிடம் சொன்னேன். அவளுக்கு ஒரு விளக்குக்கூட எடுக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கமலியின் மகன் நிரோஷன் எடுத்தான்.

"பெரியப்பா, அம்மா உங்கை நிக்கிறாவே? போன் எடுக்கிறா இல்லை. சின்னவன் அப்பம்மா எண்டு ஒரே அழுகை. ஒருக்காக் குடுங்கோ."

என் வாய் இரண்டுதரம் திறந்து மூடியது. உலகத்தில் உள்ள ஊர்களெல்லாம் நாக்கின் நுனியில் வந்து நின்றன, ஒன்றையும் சொல்லவில்லை. வதனி கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"நிரோஷ், அம்மா இப்பதான் படுத்தவ. எழுப்பமாட்டன். நாளைக்குப் பின்னேரம் வருவா. சின்னவனுக்கு நீ வாயில சோறு தீத்து ராசா, அழுகை நிக்கும்."

போனை வைத்தாள். நான் கேட்டேன்: "எங்கை போயிருப்பா?"

"தெரியாது."

"கேட்கேல்லையே?"

"கேட்கேல்லை. நீங்களும் கேட்கக்கூடாது."

அவள் எழுந்து நடைவழியால் போனாள். விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் அறையின் கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். திரும்பி வந்து, ரீவியின் சத்தத்தைக் குறைத்தாள்.